காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை

முன்னுரை

காஞ்சிமாநகரை அடுத்து ஐயங்கார்குளம் என்னும் சிற்றூர் ஒன்று உளது. விசயநகர வேந்தர் காலத்தில் வாழ்ந்த இலட்சுமிகுமார தாதாசாரியார் என்னும் பெரியார் அங்கே பெரியதொரு குளத்தை அமைப்பித்தார். அக்குளத்தின் கரையில் சஞ்சீவிராயர் திருக்கோயில் விளங்குகின்றது. கோயிலின் அருகே நடவாவி எனப்படும் படிக்கிணறு ஒன்று இருக்கின்றது. மேலே நின்று நோக்குவார்க்குத் தண்ணீர் தெரிவதில்லை. நிலத்தினுள்ளே செல்லும் படிகளின் வழியே இறங்க வேண்டும். இறங்கினால் தூண்கள் தாங்கி நிற்கும் கல் மண்டபம் ஒன்று தோன்றும். அம்மண்டபத்தின் நடுவே கிணறு அமைந்திருக்கும். ஆண்டுதோறும் சித்திரைத் திங்கள் முழுநிலா நாளன்று காஞ்சி வரதராசப் பெருமாள் அங்கே எழுந்தருளுவார். சுற்றுப்புறத்து மக்களெல்லாம் திரண்டு சென்று வழிபடுவர்.

நிலத்தடியில் நீர் எங்கும் உண்டு. ஆயினும் அதனைப் பருக விரும்புவோன் படி படியாய் இறங்கிச் சென்றே பருகுதல் வேண்டும். கலையும் இத்தகையதே. அது நம் வீட்டிலே இருக்கலாம். நம் தெருவிலே ஒலிக்கலாம். ஆயினும் தக்க ஆசிரியரை நாடிச் சென்று, பணிந்து நின்று, பலநாள் பயின்றாலன்றி அது நமக்கு உரியதாகாது. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிக் காட்டியவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை ஆவார். அவர் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் குடியும்

நாயனாப் பிள்ளை 1889-ஆம் ஆண்டில் தோன்றியவர். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் சுப்பிரமணியன் என்பது. வீட்டினர் அன்பு மிகுதியால் நாயனா என அழைத்தனர். பின்னர் உலகமும் அப்பெயராலேயே அவரை அறிந்தது. அவருடைய அன்னையார் காமாட்சி அம்மாள். அன்னையாருடன் பிறந்தவர் தனகோடி அம்மாள். இவ்விருவரும் இசைத்துறையில் பெரும்புகழ் பெற்றவர்கள். வழிவழியாக இசையையும் ஆடலையும் போற்றி வளர்த்த குடும்பம் அவர்களுடையது. இசைவாணர் பலர் அவ்வில்லத்தின் பெருமையை நன்கறிந்திருந்தனர்.

காஞ்சிமாநகரமும் இசைக்குப் புதியதன்று. கயிலாசநாதர் கோயிலை எழுப்பிய பல்லவர் காலந்தொட்டே கலைகள் அங்குத் தழைத்து வந்தன. இசை மும்மூர்த்திகளுள் ஒருவராகிய சியாமா சாத்திரிகளின் முன்னோர் பங்காரு காமாட்சியின் திருவுருவத்தைக் காஞ்சியிலிருந்து சுமந்து சென்று, முடிவில் தஞ்சையிலே தங்கினர் என்பது வரலாறு. மும்மூர்த்திகளுள் மற்றொருவராகிய முத்துசாமி தீட்சிதர் சில ஆண்டுகள் காஞ்சியில் தங்கியிருந்து, அங்குள்ள தெய்வங்களின்மீது கீர்த்தனைகள் பல இயற்றினார். ஏகாம்பரநாதர் கோயிலிலும், காமாட்சியம்மன் கோயிலிலும், வரதராசப் பெருமாள் கோயிலிலும் நாதசுர ஒலி நாள்தோறும் எழுந்து நகரத்தை நிறைத்தது.

இவ்வாறு ஊரிலும் இசை; வீட்டிலும் இசை. இத்தகைய சூழலிலே பிறந்த குழந்தை இயல்பாகவே இசைவல்லவனாகிவிடும் என்று நாம் எண்ணக்கூடும். நிகழ்ந்தது வேறு.

இளமைப் பருவம்

சிறுவன் நாயனாவின் உள்ளம் இளமையில் இசையை நாடவில்லை. மற்போரிலும், உடற்பயிற்சியிலும், காற்றாடி விடுவதிலும் அவர் பெரிதும் ஈடுபட்டார். திண்ணிய உடலும் அஞ்சாத நெஞ்சும் அவருக்கு வாய்த்தன. அன்னையாரும் அவர் உடன்பிறந்தாரும் பாடிப் புகழ்பெற்ற அவ்வில்லத்திலே, அவ்விசையைப் பெற்று வளர்க்க வேண்டிய இளைஞர் அதன்பால் நாட்டமின்றித் திரிந்தார். தாமரைக்கு அருகே வாழும் தவளை அதன் தேனை அறியாதது போல, அண்மையில் இருப்பதன் அருமை அவருக்கு விளங்காது இருந்தது.

வீட்டில் நிறைந்திருக்கும் செல்வத்தைப் பிள்ளைகள் மதிக்காமல் விடுதல் உலகில் காணும் இயல்பே. ஓவியர் மகன் வண்ணங்களைத் தொடாமல் வளர்வான். புலவர் மகன் ஏட்டைத் திறவாமல் வளர்வான். பிறப்பினால் மட்டுமே கலை வந்து சேர்வதில்லை. அதனை வேண்டும் என்னும் வேட்கை உள்ளத்திலே பிறத்தல் வேண்டும். அவ்வேட்கை நாயனாப் பிள்ளைக்குச் சற்றுக் காலந்தாழ்த்தே பிறந்தது. ஆயினும் பிறந்தபின் அது பெருந்தீயாக மூண்டது. மற்களத்தில் காட்டிய ஊக்கத்தையெல்லாம் அவர் இசைக்களத்திற்கு மாற்றினார். தளராத உழைப்பும், தோற்றாலும் மீண்டும் எழுந்து நிற்கும் துணிவும் மல்லர்க்குரிய பண்புகள். அப்பண்புகள் இசையிலும் அவருக்குக் கைகொடுத்தன என்று கருதலாம்.

ஆசிரியரைத் தேடல்

இக்காலத்தில் இசை பயில விரும்புவோர்க்குக் கல்லூரிகள் உள்ளன. அரசு இசைப்பள்ளிகள் உள்ளன. வீட்டுக்கே வந்து கற்பிக்கும் ஆசிரியர்களும் உள்ளனர். நாயனாப் பிள்ளை இளைஞராய் இருந்த காலத்தில் இவ்வசதிகள் இல்லை. சென்னையில் சங்கீத வித்வத் சபை தோன்றியது 1928-ஆம் ஆண்டில். சிதம்பரத்தில் அண்ணாமலை அரசர் இசைக்கல்லூரியை நிறுவியது 1929-ஆம் ஆண்டில். அதற்கு முன்னர்ப் பயில விரும்புவோன் ஆசிரியர் ஒருவரை அடைந்து, அவர் இல்லத்திலேயே தங்கிப் பணிவிடை செய்து, அவர் பாடும்போது கேட்டுக் கேட்டுக் கற்றான். இதனையே குருகுலவாசம் என்பர். பாடல்களைச் சுரக்குறிப்புடன் அச்சிட்ட நூல்கள் மிகச் சிலவே இருந்தன. ஆகவே ஒரு கீர்த்தனை வேண்டுமாயின், அதனை நெஞ்சிலே வைத்திருக்கும் ஒருவரைத் தேடிச் செல்வதன்றி வேறு வழி இல்லை.

நாயனாப் பிள்ளைக்கு முதலில் துணைநின்றது வீட்டிலிருந்த செல்வமே. தனகோடி அம்மாளின் இசை அவருக்கு வழிகாட்டியது. முன்பு செவியில் விழுந்து வீணாகிய அதே இசை, வேட்கை பிறந்தபின் நெஞ்சிலே பதிந்தது. ஆசிரியர் மாறவில்லை; மாணவர் உள்ளம் மாறியது. அம்மாற்றமே பயனைத் தந்தது.

ஆயினும் அவர் அவ்வளவில் நிறைவுறவில்லை. தியாகராச சுவாமிகளின் கீர்த்தனைகளை மிகுதியாகக் கற்றல் வேண்டும் என்று விழைந்தார். தியாகராசர் 1767-ஆம் ஆண்டில் பிறந்து, திருவையாற்றிலே வாழ்ந்து, 1847-ஆம் ஆண்டில் மறைந்தவர். அவர் பாடல்களை அவருடைய மாணாக்கர்களே காத்தனர். வாலாசாபேட்டை வேங்கடரமண பாகவதர், தில்லைத்தானம் இராம ஐயங்கார், மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர் முதலியோர் தத்தமக்குக் கிடைத்த பாடல்களைத் தம் மாணாக்கர்க்கு ஓதினர். இவ்வாறு பாடல்கள் பல கிளைகளாய்ப் பிரிந்து, பல ஊர்களிலே வாழ்ந்தன. ஒருவரிடம் உள்ள பாடல் மற்றொருவரிடம் இல்லை. ஒரே பாடலும் ஊருக்கு ஊர் சற்றே வேறுபட்டு வழங்கியது. ஆதலின் நல்ல வழியில் வந்த பாடலை அறிந்த ஆசிரியர் கிடைத்தல் புதையல் கிடைத்தாற் போன்றது.

அத்தகைய புதையலாக அவருக்கு வாய்த்தவர் இரமணய்யா செட்டியார். இவர் சலதரங்கம் வாசிப்பதில் வல்லவர். சலதரங்கம் என்பது பீங்கான் கிண்ணங்களில் வேறுவேறு அளவாக நீரை நிரப்பி, மெல்லிய கோல்களால் தட்டி இசை எழுப்பும் கருவியாகும். நீர் மிகின் ஓசை தாழும். நீர் குறையின் ஓசை உயரும். இக்கருவியை இயக்கிய இரமணய்யா செட்டியார் தியாகராசர் கீர்த்தனைகளைப் பெருந்தொகையாக உள்ளத்தில் கொண்டிருந்தார். வாய்ப்பாட்டுப் பயில்வோர் ஒருவர் கருவி இசைப்பவரை நாடிச் செல்வதில் இழிவு உண்டோ என்று நாயனாப் பிள்ளை எண்ணவில்லை. புகழ்பெற்ற குடும்பத்திலே பிறந்த நமக்குப் பிறர் கற்பிப்பதோ என்று தயங்கவும் இல்லை. பொருள் எங்கு உள்ளதோ அங்குச் சென்று அதனைப் பெறுவதே அவர் கொள்கையாய் இருந்தது. செட்டியாரிடம் பெற்ற கீர்த்தனைகள் பின்னாளில் அவர் கச்சேரிகளுக்கு அணிகலன்களாயின.

தமிழிசையையும் அவர் புறக்கணிக்கவில்லை. அருணகிரிநாதர் அருளிய திருப்புகழில் அவர் ஆழ்ந்த பயிற்சி உடையவர். திருப்புகழ் சந்தத்தின் சுரங்கம். ஒவ்வொரு பாடலும் ஒவ்வொரு நடையில் செல்லும். சில பாடல்களின் தாளக்கணக்கு மிகவும் நுட்பமானது. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என வரும் எழுத்தளவுகள் பலவாறு பின்னி நிற்கும். நாக்குத் தடுமாறாமலும் தாளம் தவறாமலும் அவற்றைப் பாடப் பழகியவனுக்கு வேறு எந்தத் தாளமும் அரியதாகத் தோன்றாது. நாயனாப் பிள்ளை லயத்தில் அடைந்த பெருவன்மைக்குத் திருப்புகழ்ப் பயிற்சி உரமாயிற்று எனலாம்.

மேடையில் பெற்ற பெருமை

இசைக்கு அன்னை சுருதி என்றும், தந்தை லயம் என்றும் ஆன்றோர் கூறுவர். லயம் என்பது காலத்தை அளந்து செலுத்தும் திறமை. நாயனாப் பிள்ளை அத்திறமையில் தம் காலத்தவருள் முதல்வரிசையில் நின்றார். பல்லவி பாடுவதில் அவர் புகழ் தென்னாடெங்கும் பரவியது.

பல்லவி என்பது யாது? ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதனை ஒரு தாளத்தில் அமைத்து, பலவகையாக விரித்துப் பாடுவதாகும். தாளத்தை மாற்றாமல் பாட்டின் வேகத்தை இரட்டிப்பர், மீண்டும் இரட்டிப்பர். பாட்டை மாற்றாமல் தாளத்தின் வேகத்தை மாற்றுவதும் உண்டு. எவ்வளவு தொலைவு சென்றாலும் தொடங்கிய இடத்திற்கே இம்மியும் பிசகாமல் வந்து சேர்தல் வேண்டும். கணக்கில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் அவையோர் அறிந்துகொள்வர். பாடுவோனின் கற்பனையையும் கணக்கறிவையும் ஒருங்கே சோதிக்கும் உரைகல் அது.

நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளில் பக்கவாத்தியங்கள் மிகுதியாய் இருக்கும். பிடிலும் மிருதங்கமும் மட்டுமன்றி, கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் முதலியனவும் மேடையை நிரப்பும். நீதிபதிகள் பலர் ஒருங்கமர்ந்து வழக்கைக் கேட்பதைப் புல் பெஞ்சு என்பது வழக்கம். அவ்வழக்கையொட்டி, அவருடைய கச்சேரியை மக்கள் புல் பெஞ்சுக் கச்சேரி என்றே அழைத்தனர். கஞ்சிராவில் நிகரற்ற புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்திப் பிள்ளை, கொன்னக்கோலில் பெயர்பெற்ற மன்னார்குடிப் பக்கிரியாப் பிள்ளை போன்ற பெரியோர் அவருடன் அமர்ந்து வாசித்தனர். இத்தனை தாளவல்லவர்கள் சூழ்ந்திருக்க நடுவிலே அமர்ந்து பாடுதல் எளிதன்று. சிறிது அயர்ந்தாலும் பிழை வெளிப்பட்டுவிடும். அவரோ மல்லன் களத்திலே மகிழ்ந்து நிற்பது போல மேடையில் மகிழ்ந்து பாடினார்.

காஞ்சியில் இசைவிழா

பெற்ற செல்வத்தைப் பிறர்க்கும் வழங்குதல் பெரியோர் இயல்பு. நாயனாப் பிள்ளை காஞ்சிமாநகரில் தியாகராசர் விழாவை ஆண்டுதோறும் நடத்தி வந்தார். வித்துவான்கள் அங்கு வந்து பாடினர். ஊர்மக்கள் கேட்டு மகிழ்ந்தனர். அரிய கீர்த்தனைகளைக் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்ள விரும்பும் இளையோர்க்கு அவ்விழா திறந்த பள்ளியாக விளங்கியது.

அவ்விழாக்களையும் அவர் பாட்டையும் ஆர்வத்துடன் கேட்டு வளர்ந்த சிறுமி ஒருத்தி இருந்தாள். காஞ்சிக்கு அருகேயுள்ள தாமல் என்னும் ஊரைத் தன் பெயரோடு தாங்கிய அச்சிறுமியே பின்னாளில் டி. கே. பட்டம்மாள் என்று உலகம் போற்றிய இசையரசி. அவர் 1919-ஆம் ஆண்டில் பிறந்தவர். அவருடைய அன்னையார் நன்றாகப் பாட வல்லவர். ஆயினும் அக்காலத்து வழக்கம் அவரைப் பிறர் முன்னே பாட விடவில்லை. குடும்பப் பெண்கள் மேடையேறிப் பாடுதல் தகாது என்று சமூகம் கருதிய நாட்கள் அவை. அத்தகைய வீட்டுச் சிறுமிக்கு முறையான குருகுலவாசம் எங்ஙனம் வாய்க்கும்? தெலுங்கு பேசும் ஆசிரியர் ஒருவர் அவருக்குத் தொடக்கப் பாடங்களைக் கற்பித்தார். அவரைத் தெலுங்கு வாத்தியார் என்றே பட்டம்மாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். எஞ்சியவற்றைத் தம் செவியாலேயே திரட்டிக்கொண்டார். நாயனாப் பிள்ளையின் பாட்டு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. பெண்கள் பல்லவி பாடுதல் அரிதாய் இருந்த காலத்தில், அவர் துணிந்து பல்லவி பாடிப் பெரும்புகழ் பெற்றார். அதற்கு வித்திட்டது சிறுமைப் பருவத்தில் கேட்ட நாயனாப் பிள்ளையின் பல்லவியே ஆகும். பின்னர் அவர் அம்பி தீட்சிதர், டி. எல். வேங்கடராம ஐயர், பாபநாசம் சிவன் முதலியோரிடமும் பாடல்களைக் கற்றார். 1970-ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதி என்னும் பட்டம் அவரை வந்தடைந்தது.

அவரைத் தேடிவந்த மாணாக்கர்

தாம் ஆசிரியர்களைத் தேடிச் சென்றவர் நாயனாப் பிள்ளை. காலம் செல்லச் செல்ல, மாணாக்கர்கள் அவரைத் தேடி வரலாயினர்.

அவர்களுள் தலைசிறந்தவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1898-ஆம் ஆண்டில் பிறந்த இவர், நாயனாப் பிள்ளையை அடுத்துப் பல ஆண்டுகள் பயின்றார். ஆசிரியரின் லய நுட்பமும், தியாகராசர் கீர்த்தனைச் செல்வமும், திருப்புகழ் பாடும் திறமும் அவர்பால் வந்து சேர்ந்தன. 1954-ஆம் ஆண்டில் அவரும் சங்கீத கலாநிதி ஆயினார். மதுரை சோமசுந்தரம் அவரிடம் பயின்று, தமிழ்நாட்டு மக்கள் பெருந்திரளாய்க் கூடிக் கேட்கும் பாடகராய் விளங்கினார். காஞ்சியில் ஏற்றிய விளக்கு சித்தூராரிடம் ஒளிர்ந்து, மதுரையாரிடம் சுடர்விட்டது.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் எண்ணத்தக்கது. சென்னையில் வீணை தனம்மாள் என்னும் பெருமாட்டி வாழ்ந்தார். 1867-ஆம் ஆண்டில் பிறந்து 1938-ஆம் ஆண்டில் மறைந்த அவருடைய வீணை இசையைக் கேட்க, வெள்ளிக்கிழமைதோறும் அவர் இல்லத்திலே பெரும் வித்துவான்களும் வந்து அமர்வர். இசைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமாயின் அதனைத் தனம்மாள் இல்லத்திலே காணலாம் என்று அறிஞர்கள் கருதினர். அவ்வில்லத்துப் பெண்கள் அனைவரும் இசைவல்லவர்கள். அவருடைய பேர்த்தியர் பிருந்தா, முக்தா என்னும் இருவர். பிருந்தா 1912-ஆம் ஆண்டிலும், முக்தா 1914-ஆம் ஆண்டிலும் பிறந்தனர். இச்சிறுமியர்க்கு இசை கற்பிக்க வீட்டிலே பாட்டியார் இருந்தார், அன்னையார் இருந்தார், அன்னையாரின் உடன்பிறந்தார் இருந்தனர். அங்ஙனம் இருந்தும் அச்சிறுமியர் காஞ்சிக்கு அனுப்பப்பெற்று, நாயனாப் பிள்ளையிடம் சில ஆண்டுகள் பயின்றனர்.

இதன் கருத்து யாது? வீட்டார் கற்பிக்கும்போது அன்பு இடையே வந்து நிற்கும். குழந்தை சோர்ந்தால் அன்னை இரங்குவாள். பிடிவாதம் செய்தால் பாட்டி விட்டுக்கொடுப்பாள். புறத்தே உள்ள ஆசிரியரிடம் சென்றால் காலத்தில் எழுதல், கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல், பிழையைப் பொறுமையோடு திருத்திக்கொள்ளுதல் ஆகிய ஒழுக்கங்கள் தாமே வந்தடையும். அன்றியும், எத்துணைப் பெரிய இல்லமாயினும் எல்லாக் கலையும் அதன்கண்ணே அடங்கிவிடுவதில்லை. தனம்மாள் இல்லத்தில் பதமும் சாவளியும் நிறைந்திருந்தன. இராகத்தின் நுண்ணிய குழைவு இருந்தது. நாயனாப் பிள்ளையிடம் தாளத்தின் திண்மையும், கீர்த்தனைகளின் பெருந்தொகையும் இருந்தன. இரண்டு ஆறுகள் கூடும் துறை போல, இரண்டு வழிகளும் அச்சிறுமியரிடம் கலந்தன. பிருந்தாவும் 1976-ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றார். சகோதரியர் இருவரும் அரிய பாடல்களைக் காத்து, நாடிவந்த பாடகர் பலர்க்கும் கற்பித்தனர்.

தம் இளமையிலே வீட்டிசையின் அருமையை அறியாது இருந்தவர் நாயனாப் பிள்ளை. இசைக்குப் பேர்போன வேறொரு வீட்டார் தம் குழந்தைகளை அவரிடமே ஒப்படைத்தனர். ஒரு மனிதன் தன் முயற்சியால் எய்தக்கூடிய உயர்வுக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மறைவு

நாயனாப் பிள்ளை நெடுநாள் வாழவில்லை. 1934-ஆம் ஆண்டில், ஐம்பது வயதையும் எட்டாமல், அவர் இவ்வுலகை நீத்தார். காஞ்சியின் இசைமேடை தன் தலைவரை இழந்தது.

அவர் வாழ்ந்த காலத்திலேயே இசைத்தட்டுகள் தமிழ்நாட்டில் பரவியிருந்தன. பாடகர் பலர் தம் குரலை அவற்றில் பதித்தனர். நாயனாப் பிள்ளையின் குரலோ எந்த இசைத்தட்டிலும் இல்லை. அவர் பாடிய பல்லவிகள் காற்றிலே எழுந்து காற்றிலே கலந்தன. அவர் எழுதிவைத்த பெருநூல் ஒன்றும் நமக்கு இல்லை. அங்ஙனமாயின், அவர் கலை முற்றும் அழிந்ததோ? அழியவில்லை. சித்தூராரின் நாவிலும், பிருந்தா முக்தா சகோதரியரின் குரலிலும், பட்டம்மாளின் பல்லவியிலும் அது வாழ்ந்தது. அவர்கள் பாடிய பதிவுகள் நமக்குக் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்போர் அவர்களுக்குப் பின்னே நிற்கும் ஆசிரியரையும் ஓரளவு கேட்கின்றனர்.

அம்மாணாக்கர்கள் அவரைத் தேடி வாராதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? அவரோடு அவர் கலையும் மறைந்திருக்கும். இரமணய்யா செட்டியாரை நாயனாப் பிள்ளை நாடாதிருந்தால், செட்டியாரிடமிருந்த கீர்த்தனைகள் பலவற்றிற்கும் அந்நிலை நேர்ந்திருக்கலாம். ஆசிரியர் மாணவனுக்கு அறிவை ஈந்து காக்கின்றார். மாணவனோ தேடிச் சென்று கற்பதனால் ஆசிரியரையே காலத்தின் வாயிலிருந்து காக்கின்றான். இவ்வுண்மையை நாம் மறத்தல் ஆகாது.

முடிவுரை

நல்லாசிரியர்க்கு உவமையாக நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினை நன்னூல் கூறுகின்றது. நிலம் போன்ற பொறுமையும், மலை போன்ற அசையா அறிவும், நிறைகோல் போன்ற நடுவுநிலைமையும், மலர் போன்ற இனிமையும் உடையவரே ஆசிரியர் ஆவர். மாணாக்கர்க்கும் அந்நூல் உவமை கூறுகின்றது. அன்னமும் ஆவும் போன்றவர் தலைமாணாக்கர். நீரை நீக்கிப் பாலைப் பருகும் அன்னம் போல நல்லதைத் தெரிந்து கொள்ளல் வேண்டும். கிடைத்த புல்லை வயிறார மேய்ந்து, பின்பு ஓரிடத்திலமர்ந்து அசைபோடும் ஆவைப் போலக் கேட்டதை மீண்டும் மீண்டும் சிந்தித்தல் வேண்டும். பெற்றோர் தம் பிள்ளைக்கு இசையாசிரியரைத் தேடும்போது முதல் நான்கினையும் நோக்குவர். பயில வந்த பிள்ளை பின்னைய இரண்டினையும் தன்னிடத்தே நோக்கிக்கொள்ளல் வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையாயின் கல்வி நிரம்பாது.

மாணவ மாணவியரே! உங்களுள் சிலர்க்குப் பாட விருப்பம் இருக்கும். சிலர்க்கு வீணையோ மிருதங்கமோ பயில விருப்பம் இருக்கும். நமக்கு இசைக்குடும்பம் இல்லையே என்று கலங்க வேண்டா. இசைக்குடும்பத்திலே பிறந்தும் நாயனாப் பிள்ளை முயன்றுதான் கற்றார். வயது சிறிது கடந்துவிட்டதே என்று தளர வேண்டா. அவர் காலந்தாழ்த்தே தொடங்கி முதல்வரிசையை அடைந்தார். பேர்பெற்ற ஆசிரியர் கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டா. ஊர்க்கோயிலில் திருப்புகழ் பாடும் முதியவரிடமும், நாதசுரம் வாசிக்கும் கலைஞரிடமும் நீங்கள் அறியாத செல்வம் இருக்கக்கூடும். அவரை நாடிப் பணிந்து கேளுங்கள். பாடத்தை நாள்தோறும் பயிலுங்கள். நாளை உங்களைத் தேடி ஒரு சிறுவனோ சிறுமியோ வருங்கால், பெற்றதை ஒளிக்காமல் கொடுங்கள்.

ஐயங்கார்குளத்து நடவாவியின் படிகள் இன்றும் இருக்கின்றன. இறங்குவோர்க்கு அவை வழிகாட்டுகின்றன. இறங்க மனமில்லாதவர் மேலேயே நின்று வெறும் கல்லைக் கண்டு திரும்புவர். கலையும் அவ்வாறே தன் படிகளை விரித்து நமக்காகக் காத்திருக்கின்றது. முதற்படியில் கால் வைக்கும் துணிவை நாயனாப் பிள்ளையின் வாழ்க்கை நமக்கு அளிப்பதாக.